நிலைவாசல் பாட்டு

இராஜபாளையம்
13.10.2024

அன்புத் தங்கச்சி ஹெப்சிபாவுக்கு அண்ணன் ஜேசுதாசன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் மதினியும் சுகம். நீயும் மாப்பிள்ளை ரிச்சர்டும் உன் மகள், என் மருமகள் ஸ்வீட்லினும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். இதற்கு ஒரு கடிதமா என்று எங்கள் போஸ்ட்மேன் சுயம்புலிங்கம் சிரிக்கிறார். அவருக்கென்ன, காது இருக்கிறது, போனில் பேசிக்கொள்வார். முப்பது வருஷம் நூல் மில்லில் கதிர்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவில் நின்ற எனக்கு இப்போது மதினி போடும் சண்டைகூட ஊமைப் படம்தான். காது மிஷினை மாட்டினால் திரும்பவும் மில்லுக்குள் நிற்பது போல இரைகிறது. டச் போன் என் விரலுக்கு மசியவில்லை. ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது. ஆகவே பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாடகை வீட்டுக்கு நீங்கள் குடிவந்தது ஜூன் மாதம். இன்னும் வீட்டு ஜெபம் வைக்கவில்லை. நம் குடும்பத்தில் புது வீட்டுக்குப் போனால் முதலில் மூத்தவன் நிலைவாசலில் நின்று அப்பாவின் பாட்டைத் தொண்டை திறந்து பாட வேண்டும். அதற்குப் பிறகுதான் அறை அறையாக ஜெபம். தெருவுக்குக் கேட்டால்தான் அது வீடு, இல்லாவிட்டால் குடோன் என்பார் அப்பா. உன் கல்யாணத்துக்குப் பிறகு நீ மாறிய ஒவ்வொரு வீட்டிலும் நான்தான் பாடினேன். இந்த வீட்டுக்கு மட்டும் என்ன வந்தது? தேதி எழுது. என் வெள்ளைச் சட்டையை மதினி இஸ்திரி போட்டு வைத்து, அது பழுப்பேறி, திரும்பவும் துவைத்துவிட்டாள்.

அன்புடன்
அண்ணன் ஜேசுதாசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.10.2024

பாசமுள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் ஹெப்சிபாவின் ஸ்தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. தீபாவளி நெருங்கிவிட்டதால் இவர் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸில் மூட்டைகள் கூரையைத் தொடுகின்றன. இவர் வீட்டுக்கு வருவதே சாப்பிட்டுத் தூங்கத்தான். ஸ்வீட்லினுக்குப் பரீட்சை. வீட்டுக்காரர் வெள்ளையடித்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சுவரெல்லாம் பொரிந்து கிடக்கும்போது ஜெபம் வைத்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? கொஞ்சம் ஓயட்டும், நானே எழுதுகிறேன்.

வீடு நல்ல வீடு. மாடிக்குப் போனால் கோயில் கோபுரம் தெரியும், மலையும் தெரியும். பக்கத்து வீட்டில் வேலுத்தாய் என்று ஒருவர், பால்கோவா கடையில் பால் கிண்டுகிறார். அவரை நினைத்தால்தான் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். இவர் வண்டியை எடுத்தால் தெருமுனை திரும்பும்வரை முறைத்துக்கொண்டே நிற்கிறார். நாங்கள் யாருடைய வம்புக்கும் போனதில்லை.

மதினி கொடுத்தனுப்பிய ஊறுகாய் தீர்ந்துவிட்டது. ஜாடி என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள் தங்கை
ஹெப்சிபா


இராஜபாளையம்
3.11.2024

ஹெப்சிபாவுக்கு,

வெள்ளையடிக்காத வீட்டுக்கு ஆண்டவர் வரமாட்டார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் குரல்தானே காரணம்? மதினி உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். ஆகஸ்டில் சபைக் கொயர் பயிற்சியில், இப்போது கொயரை நடத்தும் வினோத் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தான். "பெரியப்பா, இந்தப் பாட்டுக்கு நீங்க உக்காந்து கேளுங்க." காது கேட்காதவனைப் பார்த்து உட்கார்ந்து கேளுங்கள் என்கிறான்! நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது பின்வரிசைப் பிள்ளைகளின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. தோள் குலுங்குவதைப் பார்க்கக் காது வேண்டியதில்லை.

அன்றிலிருந்து நான் கடைசி பெஞ்ச். எல்லாரும் எழுந்தால் எழுந்து நிற்கிறேன். பாட்டுப் புத்தகத்தை விரிக்கிறேன். வாயை மட்டும் அசைக்கிறேன். சத்தம் வெளியே வந்துவிடுமோ என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் ஆராதனை முடிந்துவிடுகிறது.

உனக்கும் என்னால் வெட்கம் என்றால் எழுதிவிடு. நான் வரவில்லை. மாப்பிள்ளையையே பாடச் சொல்.

ஜேசுதாசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.11.2024

என் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உங்களைப் பார்த்து எனக்கு வெட்கமா? உங்கள் தோளில் உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான். இனி மறைக்க மாட்டேன்.

முந்தின ஊரிலிருந்து இவருக்கு மாற்றல் வந்தது என்று உங்களிடம் சொன்னோம். வரவில்லை அண்ணே, இவர்தான் கேட்டு வாங்கினார். போன வருஷம் ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டில் நாலு குடும்பமாகப் பாடிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஆட்கள் வந்து கதவைத் தட்டி, இங்கே ஜெபக் கூட்டம் நடத்தக் கூடாது என்று கத்தினார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்து பாயில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஸ்வீட்லின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். விடியும்வரை வெளியே வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபம் எப்படித் தெரியுமா? ஏழு மணிக்குக் கதவைத் தாழ் போடுவோம். ஜன்னலை மூடுவோம். டி.வி.யில் சீரியலைச் சத்தமாக வைப்போம். அதற்கடியில் குசுகுசுவென்று ஜெபிப்போம். எனக்கு ஜெபத்தில் அழுகை வரும் என்று உங்களுக்குத் தெரியுமே, வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொள்கிறேன். நீங்கள் வந்தால் தெருவே கேட்கப் பாடுவீர்கள். அதற்குத்தான் பயந்தேன். உங்கள் சுருதிக்கு இல்லை.

ஸ்வீட்லினும் இப்போது வாயை மட்டும்தான் அசைக்கிறாள். பள்ளிக்கூடப் பிரார்த்தனையிலும் அப்படித்தானாம், டீச்சர் சொன்னார். இந்தப் பிள்ளையின் குரலை நானேதான் பிடுங்கிவிட்டேனோ என்று இருக்கிறது. என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை அண்ணே.

ஹெப்சிபா


இராஜபாளையம்
17.11.2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அவசரக்காரன் எழுதியது.

தைரியமாயிரு என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. மூன்று பிள்ளைகள் சிரித்ததற்குப் போய் ஒளிந்துகொண்டவன், கண்ணாடி உடைந்த வீட்டுக்காரிக்கு என்ன உபதேசம் செய்வது? ஆகவே ஒரு யோசனை. நான் வருகிறேன், நிலைவாசலில் நிற்காமல் உள்ளறையில் நிற்கிறேன், வாயை மட்டும் அசைக்கிறேன். நீ டி.வி.யைச் சத்தமாக வை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆண்டவருக்கு எப்படியோ, தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ அப்போது கைக்குழந்தை. மில் குடியிருப்புக்கு நாம் மாறிய அன்றைக்கு அந்த வரிசையில் நாம்தான் ஒரே கிறிஸ்தவ வீடு. எல்லாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நிலைவாசலில் நின்று பாடினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் வேட்டி படபடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை.

பிள்ளையை ஒன்றும் சொல்லாதே. மெதுவாக வரட்டும்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.12.2024

அன்புள்ள அண்ணே,

இதை உட்கார்ந்து படியுங்கள். மதினியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் வழக்கம்போலக் கதவைப் பூட்டி, டி.வி.யை வைத்து, ஜெபித்துக்கொண்டிருந்தோம். இவருக்கு ஆபீஸில் ஏதோ சங்கடம், அதற்காக ஜெபிக்கும்போது எனக்கு அழுகை மிஞ்சிவிட்டது. திடீரென்று கதவு இடிபட்டது. ஒரு கை இல்லை, பல கைகள். வெளியே ஆண் குரலும் பெண் குரலுமாகச் சத்தம். இவர் விளக்கை அணைத்தார். வேதப்புத்தகத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். ஸ்வீட்லின் யாரும் சொல்லாமலே கட்டிலுக்கு அடியில் போனாள். தன் இடத்துக்குப் போவது போலப் போனாள் அண்ணே. பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் வரிசைக்குப் போவார்களே, அப்படி.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். விளக்கைப் போட்டேன். டி.வி.யை நிறுத்தினேன். தலையணையைத் தூக்கிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பாவின் பாட்டை எடுத்தேன், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் வந்தது. பாடிக்கொண்டே போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். என் சேலை நடுங்கியதை நானே பார்த்தேன். உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது.

வாசலில் வேலுத்தாய். கையில் பால்கோவா கிண்டும் நீளக் கரண்டி. பின்னால் எதிர்வீட்டுத் தையல்காரி பாண்டிசெல்வி, டீக்கடைக் காசிராஜன் அண்ணன், இன்னும் ஏழெட்டுப் பேர்.

"ஏட்டி, வெளிய வா. எங்க அடிச்சான்? கையக் காட்டு," என்றார் வேலுத்தாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கா?" என்றேன்.

"யாரா? ஒம் புருசந்தான். தெனமும் ஏழு மணியானா டிவிய அலற விட்டுட்டு ஒன்னய அழ வைக்கான். காலையில கண்ணு செவந்து கொழாய்க்கு வார. எம்புட்டு நாளு பொறுக்கது? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்னுதான் வந்தோம்."

இவர் என் பின்னால் வந்து நின்றார். காசிராஜன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் இருவருக்கும் நடுவில் புகுந்து, புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "ஐயோ, ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தோம்ணே!" என்றேன்.

"செபத்துக்கு எதுக்குட்டி அழுகை?"

"எனக்கு ஜெபம்னாலே அழுகை வந்துரும்க்கா."

"அப்ப டிவி?"

"வெளிய கேக்கக் கூடாதுன்னு."

வேலுத்தாயக்கா கரண்டியைக் கீழே இறக்கினார். பிறகு இவரைப் பார்த்து, "தம்பி, மன்னிச்சுக்கிடுங்க, ஒங்கள மனசுக்குள்ள வையாத வசவு இல்ல," என்றார். இவர் பாவம், சிரித்து வைத்தார். ஐந்தாறு மாதமாக இந்தத் தெருவில் தன்னிடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாதது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்ததாம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "சாமி கும்புடவா இப்படி ஒளிஞ்சு கெடக்கீக? இந்தா மார்கழி பொறக்கப் போகுது. எங்க கோயில் ரேடியோ விடிய முன்னயே ஒங்கள எழுப்பும். அத நீங்க பொறுத்துக்கிடுவீக, ஒங்க பாட்ட நாங்க பொறுக்க மாட்டமா?"

எல்லாரும் அப்படி என்று எழுத ஆசைதான். கடைசி வீட்டுச் சௌந்தரபாண்டியன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "பாட்டு, கூட்டம்னு தெருவக் கூட்டுனா நல்லா இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்," என்றுவிட்டுப் போனார். வேலுத்தாயக்கா அவர் முதுகைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார், அதை எழுத முடியாது.

இன்று ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். டி.வி. இல்லாமல் ஜெபித்தோம். பயம் இருக்கிறது அண்ணே, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

21ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம். நீங்கள் நிலைவாசலில் நிற்க வேண்டும். உள்ளறையில் வாயை அசைக்கும் வேலையெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

தங்கை
ஹெப்சிபா


இராஜபாளையம்
15.12.2024

ஹெப்சிபா,

உன் கடிதத்தை வாசித்து நானும் மதினியும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மாப்பிள்ளைக்கு என் அனுதாபம்.

சனிக்கிழமை வருகிறோம். வெள்ளைச் சட்டை தயார். கொல்லையில் நின்று இரண்டு நாளாகப் பாடிப் பார்க்கிறேன். என்ன வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மதினி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அவள் திரும்பி நின்று துணி காயப்போடுகிறாள். இப்போது எனக்குத்தான் பயமாயிருக்கிறது தங்கச்சி.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.12.2024

அன்பு அண்ணனுக்கு,

சனிக்கிழமை கடைசி பஸ் போய்விடும் என்று மதினி உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நீங்கள் பாடியபோது உங்கள் காதில் விழாததையெல்லாம் எழுதுகிறேன்.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுருதி விலகியது. பல்லவி நன்றாகவே இருந்தது. முதல் சரணத்தில் மேலே ஏறினீர்கள், ஏறியவர் இறங்கவே இல்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் கால்விரலைப் பார்த்தேன்.

ஆனால் எதிர்வீட்டில் பாண்டிசெல்வியின் தையல் மிஷின் நின்றது. டீக்கடை ரேடியோ நின்றது. வேலுத்தாயக்கா வீட்டில் ஏழு மணி சீரியல் பாதி வசனத்தில் நின்றது. அந்த சீரியலை அவர் எதற்காகவும் விட்டதில்லை, அன்றைக்கு எங்கள் கதவை இடித்ததைத் தவிர. எங்கள் வாசலில் பிளக் கிடையாதே, நீங்கள் பார்த்த ஸ்டார் விளக்குக்கு அவர் வீட்டிலிருந்துதான் கரண்ட்.

அப்போது கடைசி வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. சௌந்தரபாண்டியன் நடந்து வந்து எங்கள் வாசலுக்கு எதிரே நின்றார். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். ஸ்வீட்லினைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் பக்கத்தில் இல்லை. கட்டிலைத்தான் முதலில் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அவள் உங்களிடம் போயிருந்தாள். உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நீங்கள் கண் திறந்து குனிந்தீர்கள். அவள் வாயை அகலமாகத் திறந்து காட்டிக் காட்டிப் பாடினாள், அதைப் பார்த்து நீங்களும் பாடினீர்கள். அவள் வாய் அசைந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாய் மட்டும்தான் அசைகிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை அண்ணே, குரல் வந்தது. உங்கள் குரலையும் மீறி வந்தது. உங்களைச் சுருதிக்குள் இழுத்து வரப் பெரிய பாடுபட்டாள் பிள்ளை, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று நான் அந்தக் குரலைக் கேட்டு. அது உங்களுக்குக் கேட்டிருக்காது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

சௌந்தரபாண்டியன் பாட்டு முடியும்வரை நின்றார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மறுநாள் டீக்கடையில், "அந்தப் பெரியவரு யாருப்பா, மில்லுல ஊதுற சங்க முழுங்குனவரா?" என்று கேட்டாராம். என்னிடம் இன்னும் பேசவில்லை. அவர் கேட் திறக்கும் சத்தத்துக்கு எனக்கு இன்னும் திக்கென்கிறது. ஜன்னலை மூடவில்லை.

ஊறுகாய் ஜாடியை எடுத்துப்போக மறந்துவிட்டீர்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்
ஹெப்சிபா, ரிச்சர்ட், ஸ்வீட்லின்


இராஜபாளையம்
6.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருஷ ஆசீர்வாதங்கள். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஸ்வீட்லினைப் பற்றி நீ எழுதிய இடத்தில் தாள் மடிப்பு விட்டுவிட்டது.

நேற்று ஆராதனையில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது நான் எழுந்து, நிற்காமல், நேரே நடந்து முன் பெஞ்சுக்குப் போய்விட்டேன். முழங்கால் நடுங்கியது. அப்படி ஆகும் என்று தெரிந்துதான் வேட்டி கட்டாமல் பேன்ட் போட்டுப் போனேன்.

தொண்டையைத் திறந்தேன். சுருதி காட்ட மருமகள் பக்கத்தில் இல்லை, வந்தபடி வந்தது. கீபோர்டிலிருந்து வினோத் தலையைத் தூக்கிப் பார்த்தான். உட்காரச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் குனிந்து ஏதோ செய்தான், விரல்கள் வேறு கட்டைகளுக்குத் தாவின. மதினி பிற்பாடு கையால் ஜாடை காட்டி விளக்கினாள். நான் ஏறிப் போன இடத்துக்கு அவனும் கீபோர்டை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டானாம், சபை முழுக்க அவன் பின்னால் ஏறியதாம். பாதிப் பேருக்குத் தொண்டை எட்டவில்லையாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்லினைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன் பெஞ்சில் இடம் போட்டு வைக்கிறேன். ஜாடியையும் கொண்டு வா, மாங்காய் வருவதற்குள் எலுமிச்சை போட்டுத் தருகிறேன் என்கிறாள் மதினி.

பின்வரிசையில் யாராவது சிரித்தார்களா என்று அவளிடம் கேட்டேன். மூன்று விரலைக் காட்டினாள். சிரிக்கட்டும், பிள்ளைகள்தானே. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குப் பாட்டு இருந்தது.

உன் அண்ணன்
ஜேசுதாசன்